சாவு வீட்டுக்குப் போன சிவப்பு நாற்காலிகள்

எங்கள் கடைக்கு யார் போன் செய்தாலும் என் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நல்லதுக்கா, கெட்டதுக்கா?" என்பதுதான். பேர், ஊர், எத்தனை நாற்காலி, என்றைக்கு வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. காளவாசலில் இருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கிறோம். நாற்காலி, சாமியானா, ஜமுக்காளம், அண்டா, குண்டான், கிரைண்டர் எல்லாம் வாடகைக்கு விடுவோம். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்றால் சிவப்பு நாற்காலி போகும். சாவு வீடு, பதினாறாம் நாள் காரியம் என்றால் நீல நாற்காலி. பாத்திரங்களிலும் அப்படித்தான், நீலப் பெயின்ட் கோடு போட்டவை தனி. விராட்டிபத்தில் வீட்டை ஒட்டி இருக்கும் குடோனில் இரண்டுக்கும் நடுவே சுவரே எழுப்பி வைத்திருந்தார். சாவு வீட்டில் இருந்து திரும்பும் சாமான்களை வாசலில் இறக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிய பிறகுதான் உள்ளே விடுவார்.

நான் வாத்தியார் வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்த புதிதில் இதையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பாக வந்தது. "பிளாஸ்டிக் சேருக்கு என்னங்க தெரியும், அதுல உக்காந்து சிரிச்சாங்களா அழுதாங்களான்னு?" என்று கேட்டேன்.

"சேருக்குத் தெரியாது. உக்கார்றவனுக்குத் தெரியும்ல" என்றார்.

அப்புறம் தொழிலுக்குள் வந்து பார்த்தபோதுதான் அவர் சொன்னது விளங்கியது. மேற்கே செக்கானூரணி, கருமாத்தூர் பக்கம் இருந்தெல்லாம் வழியில் உள்ள கடைகளை விட்டுவிட்டு எங்களைத் தேடி வந்தார்கள். மற்ற கடைகளில் எல்லா நாற்காலியும் ஒரே நிறம். காலையில் பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது சாயங்காலம் பந்தியில் கிடக்கும், கேட்பாரில்லை. எங்கள் கடையில் அது நடக்காது என்று ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குச் சாமான் எடுக்க வரும் பெண்கள் சிவப்பு நாற்காலியைத் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போவார்கள். விளம்பரம், போர்டு எதுவும் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிவப்புதான் எங்களுக்குச் சோறு போட்டது.

முதல் ஊரடங்கு வந்த வருடம் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கு ஒரு நாள் மிச்சமில்லாமல் சொல்லி வைத்திருந்தார்கள். அதை நம்பிக் கடன் வாங்கிப் புதுச் சிவப்பு நாற்காலிகள் இறக்கியிருந்தோம். மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு போனாக வந்தது. கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம், வீட்டோடு முடித்துக்கொள்கிறோம், அட்வான்ஸை என்ன செய்வது என்று. என் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் "பரவால்ல, பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் ஒவ்வொரு பேராக அடித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் சந்தில் கல்யாணத்தை நம்பிப் பிழைத்தவர்கள் பலர். ஒவ்வொருவரும் ஒரு பக்கம் திரும்பினார்கள். போட்டோ ஸ்டுடியோக்காரர் வாசலில் முட்டை அடுக்கினார். ஜாக்கெட் தைத்த அக்கா முகக்கவசம் தைத்தார். மைக் செட்காரர்தான் யோகக்காரர், ஒரு ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கையைக் கழுவச் சொல்லித் தெருத்தெருவாகக் கத்தினார், அதற்குக் காசும் கொடுத்தார்கள். எங்களோடு எல்லாக் கல்யாணங்களிலும் சேர்ந்து வேலை செய்யும் மேடை அலங்காரக்காரர் ஒருவர், நாகமலை புதுக்கோட்டையில் வீடு, சாவுக்கு மாலை கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரரை மாப்ள என்பார், என்னைத் தங்கச்சி என்பார். "என்ன தங்கச்சி செய்ய, பூ தெரியும், வேற ஒண்ணும் தெரியாதே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் உயிர் இல்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் எந்தப் பக்கமும் திரும்பவில்லை. தினமும் காலையில் குடோனுக்குப் போய்ச் சிவப்பு நாற்காலிகளைத் துணி போட்டுத் துடைத்தார். பெண் பார்க்க வருகிறார்கள் என்பதுபோல் துடைப்பார். எனக்கு எரிச்சலாக வரும். சும்மா கிடக்கிற பெரிய கிரைண்டரில் மாவாவது அரைத்து விற்போம் என்று நான் நச்சரித்து, அதற்கு அவர் அரைமனதாகச் சரி சொல்லி, தோசை மாவில்தான் வீடு ஓடியது. ஏற்றி இறக்கிய ஆட்களில் ஒருவர் செங்கல் சூளைக்குப் போனார், இன்னொருவர் தண்ணீர் கேன் போடப் போனார். இடையில் நடந்த ஒன்றிரண்டு கல்யாணங்களும் வீட்டோடு முடிந்தன, நீல நாற்காலிகள் மட்டும் அவ்வப்போது வெளியே போய் வந்தன. அவற்றைக் குட்டியானைச் சரக்கு வண்டியில் நானும் அவரும்தான் ஏற்றினோம், இறக்கினோம்.

இரண்டாவது அலை வந்த வைகாசியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும். போன் அடித்தால், "நல்லதுக்கா கெட்டதுக்கா" என்று கேட்பதையே அவர் விட்டுவிட்டார். எல்லாம் ஒன்றுதான். ஒரு சாவு வீட்டில் எடுத்த நீல நாற்காலி, கழுவின ஈரம் காயுமுன் அடுத்த வீட்டுக்குப் போனது. சில தெருக்களில் ஒரு வீட்டு வாசலில் இருந்து எடுத்து இரண்டு வீடு தள்ளிப் போட்டுவிட்டு வந்தோம். சாவு வீட்டில் சாமான் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது வாரேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் வண்டியில் ஏறி வந்துவிடுவோம். அப்படிப் பேசாமல் வந்து வந்து வீட்டிலும் எங்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது.

அப்படி ஒரு காலையில் அலங்காரக்காரர் வந்தார். நீலம் அத்தனையும் வெளியே போயிருந்த நேரம். டிவிஎஸ் வண்டியைச் சரியாக ஸ்டாண்ட் போடக்கூட இல்லை, அது சாய்ந்து சுவரில் மோதி நின்றது. முகக்கவசம் ஒரு காதில் தொங்கியது.

"மாப்ள, ஒங்கக்கா போயிட்டா" என்றார்.

அவர் சம்சாரத்தைத்தான் அப்படிச் சொன்னார். விடியக்காலையில் நெஞ்சுவலி, ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கொரோனா இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். அந்த மாதத்தில் எல்லோரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னார்கள். அந்த அக்காவை எனக்கு நன்றாகத் தெரியும். மண்டபங்களில் கீழே உட்கார்ந்து தன் வீட்டுக்காரருக்குப் பூச்சரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே என்னோடு ஊர்க்கதை பேசும். நான் அப்படியே கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"சாமியானா இருக்கு மச்சான், நான் இப்பவே கொண்டு வாரேன். சேருதான்..." என்று இவர் இழுத்தார்.

"செவப்பு இருக்குல்ல?"

இவர் சாய்ந்து கிடந்த டிவிஎஸ் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்ட் போட்டார்.

"மாப்ள, சாதிசனம் வந்து ரோட்டுல நிக்கிது. அவ அம்மா முட்டிவலிக்காரி, தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது. ஊரெல்லாம் போயிப் பாத்துட்டேன், எங்கயும் சேரு இல்ல. ஒன்கிட்ட குடோன் நெறயா இருக்கு. எனக்குத் தெரியும், நாந்தான அடுக்கவே கூட நின்னேன்."

"மச்சான், அது நல்லதுக்கு..."

"எனக்கும் தெரியும்ப்பா. தெரிஞ்சுதான் கேக்குறேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்ய முடியும்? பிணம் கிடக்கிறது, வெயில் ஏறுகிறது. குடோனில் நாற்காலி தூங்குகிறது, இல்லை என்று சொல்ல எந்த வாய்க்கு வரும்? குடோனுக்குப் போனோம். இவர் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் போய், அந்தப் புது நாற்காலிகளின் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. தாலி கட்டும் இடத்தில் கிடக்க வேண்டியதை முதன்முதலாகச் சாவு வீட்டில் கொண்டு போய்ப் போட்டோம். பாடைக்குப் பக்கத்தில் அந்தச் சிவப்பு கண்ணை அடித்தது. வந்தவர்கள் முதலில் நாற்காலியைப் பார்த்தார்கள், அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார்கள்.

ஒருவருக்குக் கொடுத்த பிறகு அடுத்தவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? மறுநாளே ஒருவர் வந்து, "அவருக்குக் குடுத்தீங்களாம்ல அண்ணே" என்றார். வைகாசி முடிவதற்குள் நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் காலியாகிவிட்டது. சிவப்பு, நீலம் எல்லாம் ஒன்றாக வாசலில் கிடந்தன. இவர் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். சொந்தக்காரர்களே அண்டப் பயந்த வீடுகளுக்குள் போய் நாற்காலி போட்டுவிட்டு வந்த மனுஷன் அவர். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான், அதை மறைக்க மாட்டேன்.

நோய் அடங்கி ஆவணியில் கல்யாணங்கள் திரும்ப ஆரம்பித்தன. ஜனங்கள் ஏங்கிக் கிடந்தார்கள், திறந்ததும் மளமளவென்று தேதி வைத்தார்கள். எங்களுக்கு முதலில் வந்தது கருமாத்தூர் பக்கம் ஒரு கல்யாணம். மூன்று தலைமுறையாகக் காடு கரையோடு இருக்கும் குடும்பம், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் எங்கள் கடைதான். வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகளை இறக்கி வரிசை போட்டுக்கொண்டிருந்தோம். பெண்ணின் அத்தை ஒருவர் காபி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏப்பா, இது புதுக்கோட்டையில அந்தப் பூக்காரரு பொண்டாட்டி செத்த வீட்டுல கெடந்த சேருதான?"

இவருக்குப் பொய் வராது. "ஆமாத்தா. கழுவியாச்சு" என்றார்.

யாரும் சத்தம் போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். தாய்மாமன் வந்து இவர் தோளில் கை வைத்து ஓரமாகக் கூட்டிப்போனார். "தப்பா எடுத்துக்காதண்ணே. பொம்பளைங்க மனசுக்குச் சரியில்லங்கிறாங்க. வாடகையை வாங்கிக்க, சேரை மட்டும் ஏத்திரு" என்றார். வாடகையை இவர் வாங்கவில்லை. வெயிலில் திரும்ப ஏற்றினோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுதால் கல்யாண வீட்டில் அழுதாள் என்று அதையும் சொல்வார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு மேற்குப் பக்கம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. நான் எத்தனையோ யோசனை சொன்னேன். வந்த விலைக்கு விற்றுவிட்டு வேறு நிறம் வாங்குவோம் என்றேன். பழைய கடனே நின்றதால் புதுக்கடன் கொடுக்க ஆளில்லை. விற்கப் போனாலும், சாவு வீட்டுச் சேரா என்று விலையைக் குறைத்தார்கள். எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. எல்லாக் கடை நாற்காலியும் அந்த வைகாசியில் சாவு வீடுகளில்தான் கிடந்தது. அவர்களுடையது ஒரே நிறம், யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. நாங்கள் பிரித்து வைத்திருந்தோம், அதனாலேயே மாட்டிக்கொண்டோம். ஒழுங்காக இருந்ததற்கு இதுதான் கூலியா என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். கோபம் இன்னும் தீரவில்லை.

இப்போது எங்களுக்கு வருவதெல்லாம் சாவு வீட்டு அழைப்புகள்தான். அதுவும் அந்த நாட்களைப்போல இல்லை. மிச்ச நேரம் கடையில் ஈ ஓட்டுகிறோம். மாவு விற்பது நிற்கவில்லை.

இந்த வருடம் தை மாதம் அலங்காரக்காரர் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். தட்டில் பழம், வெற்றிலை, நடுவில் பத்திரிகை. மகளுக்குக் கல்யாணம். தாயில்லாப் பிள்ளை. எனக்கு நெஞ்சு நிறைந்தது. "தங்கச்சி, நீதான் முன்ன நின்னு எல்லாம் பாக்கணும்" என்றார். மண்டபம் பிடிக்கவில்லை, வீட்டு முன்னாலேயே பந்தல் என்றார்.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "எம்புட்டு சேரு வேணும் மச்சான்? வாடகைங்கிற பேச்சே எடுக்கக் கூடாது."

அலங்காரக்காரர் தட்டில் இருந்த வெற்றிலையை நேராக வைத்தார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"சேரு வேற எடத்துல சொல்லிட்டேன் மாப்ள. சம்பந்தி வீட்டுல யாராச்சும் ஒரு பேச்சு பேசிருவாங்க. பிள்ள பின்னாடி போயி வாழணும்ல. எம் பொண்டாட்டிக்குப் போட்ட சேருலயே..."

"அதுஞ் சரித்தான் மச்சான்" என்றார் இவர்.

அவர் போனதும் நான் கத்தித் தீர்த்தேன். யாருக்காகக் கொடுத்தோம், அவரே வேண்டாம் என்றால் இனி ஊரில் எவன் எடுப்பான் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றேன். கடைசியில் அந்த அக்கா முகத்தை நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பந்தலுக்குள் நுழைந்ததும் என் கண் நாற்காலிக்குத்தான் போனது. வெள்ளை நாற்காலிகள். எங்கள் வரிசைக்கு முன்னால் ஒன்றின் முதுகு விரிசல் விட்டு, செம்புக் கம்பி வைத்துத் தைத்திருந்தது. போன மாதம் வில்லாபுரத்தில் என் சித்தப்பா இறந்தபோது நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கம்பி என் முதுகில் குத்தி, இடம் மாறி உட்கார்ந்தேன்.

இவர் காதில் சொன்னேன். "தெரியும். அங்க போட்ட அதே கடை சேருதான்" என்றார்.

"போயிச் சொல்லட்டுமா? எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லட்டுமா?"

"வாய மூடுறியா. தாலி கட்டப் போறாங்க."

மூடிக்கொண்டேன். அந்தப் பிள்ளை தலை நிறையப் பூவோடு அம்மா ஜாடையில் உட்கார்ந்திருந்தது. சொல்ல மனம் வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். நாற்காலி பத்தவில்லை. வயசான பெண்கள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அலங்காரக்காரர் அங்குமிங்கும் ஓடினார், யாருக்கோ போன் செய்தார், கையை விரித்தார். அப்போது அவர் பார்வை எங்கள் பக்கம் வந்தது. எங்கள் குடோன் அங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரம்தான். ஒரு வார்த்தை சொன்னால் பந்தல் நிறைந்துவிடும். அது அவருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இவர் பாதி எழுந்தே விட்டார். அலங்காரக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இவர் முழுதாக எழுந்து, தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கிழவிக்குப் போட்டார். நானும் எழுந்து என்னுடையதைக் கொடுத்தேன். கெட்டிமேளம் கொட்டியபோது இரண்டு பேரும் வெயிலில் நின்று அட்சதை போட்டோம்.

திரும்பும்போது பைக்கை எடுக்கும் முன்னால் சொன்னேன், "அன்னைக்கு நீங்க இல்லன்னு சொல்லியிருக்கணும்."

"இல்லன்னு சொல்லிட்டு அவரு மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது?"

"குடுத்தமே. இன்னைக்கு அவரு நம்ம மூஞ்சியில முழிச்சாரா?"

இவர் சாவியைப் போட்டு உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. இரண்டாவது தடவை உதைத்தபோதும் கிளம்பவில்லை. இறங்கி நின்று பெட்ரோல் டேங்கைத் திறந்து உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிறையப் பெட்ரோல் இருந்தது.